தூண்டிலில் ஒரு மேல்வரிசை

தக்கை அமிழ்ந்தது. செட்டுக்காரர் இழுத்தார். மேலே வந்தது மீன் இல்லை, பல். இளஞ்சிவப்பு ஈறோடு பதினான்கு பற்கள், மேல்வரிசை முழுதும்.

ஆற்றில் அவருக்கு விசித்திரமான பொருள்கள் அகப்படுவது புதிதில்லை. ஏழு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் ஒற்றைச் செருப்பு, பாதிக் குடை, சைக்கிள் மணி, ஓடாத அலாரக் கடிகாரம் எல்லாம் வந்திருக்கின்றன. மீன் என்று சொல்லும்படி வந்தவை நான்கு. நான்கையும் வரிசையாக வைத்தால் ஒரு முழம் தேறாது.

ஆனால் இந்தப் பல்லைப் பார்த்ததும் சட்டென்று திருப்பி உள்பக்கத்தைத் தேடினார். ஏனென்றால் அதைச் செய்தவரே அவர்தான். பல் மருத்துவமனையில் பல் செட் செய்வது அவருடைய வேலை, பெயரும் அதனால் வந்ததுதான். தாம் செய்யும் ஒவ்வொரு செட்டின் உள்பக்கத்திலும், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், யாரும் அறியாமல் ஒரு சின்ன மீனைக் கீறிவைப்பார். இதிலும் மீன் இருந்தது. மீனுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியும் இருந்தது. புள்ளி வைத்தது ஒரே ஒருவருக்குத்தான். அவர் மாமனார்.

அந்தப் பல் காணாமல் போய்ப் பதினொரு நாளாகிறது.

"தேய்ச்சுச் சரி பண்ணித் தாங்கன்னு மாப்பிள்ளைகிட்டதான் கொடுத்தேன்" என்று மாமனார் அடித்துச் சொல்லிவிட்டார். செட்டுக்காரருக்கு வாங்கிய ஞாபகமே இல்லை. ஆனால் அவர் ஞாபகத்தை வீட்டில் யாரும் நம்புவதில்லை, அவர் உட்பட. மருத்துவமனையின் இழுப்பறைகளை மூன்று முறை கவிழ்த்துப் பார்த்தார். புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்றும் சொன்னார். "தொலைச்ச கையாலேயே இன்னொண்ணா?" என்று மாமனார் வாயை இறுக மூடிக்கொண்டார். அளவெடுக்க வாய் திறக்க வேண்டுமே.

அன்றிலிருந்து வீட்டில் மூன்று வேளையும் கஞ்சி.

"அப்பா பல்லு கிடைக்கிற வரைக்கும் நீங்க ஆத்துப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது" என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். பல்லுக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டார். அவள் கஞ்சியைக் கிண்டப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். இரண்டாவது ஞாயிறான இன்று முடியவில்லை. மருத்துவமனையில் அவசர வேலை என்று சொல்லி, மடக்குத் தூண்டிலைப் பைக்குள் மறைத்து, சாப்பாட்டு டப்பாவோடு வந்துவிட்டார். வந்த இடத்தில் இந்த அதிர்ஷ்டம்.

"என்ன சார், மாட்டுச்சா?" என்று பாலத்தடியிலிருந்து புழு விற்கும் பெண் குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்று பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டம் பிடித்தார்.

மூன்றாவது மாடி ஏறும்போதுதான் உறைத்தது. பல் கிடைத்துவிட்டது, சரி. எங்கே கிடைத்தது என்று கேட்டால்? ஆறு என்று வாயைத் திறக்க முடியாது. தூண்டிலை மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சொருகிவிட்டு உள்ளே போனார். மாமனார் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மனைவி சமையலறையில் இருந்தாள். சோபா மெத்தைக்கு அடியில் பல்லைச் செருகி, ஒன்று இரண்டு என்று பத்து வரை எண்ணினார்.

"ஐயோ, இங்க வந்து பாரு! பல்லு! சோபாவுலயே இருந்திருக்கு!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் நூலகத்தில் வேலை பார்ப்பவள். வீட்டில் உப்பு ஜாடி முதல் சாப்பாட்டு டப்பா வரை எல்லாவற்றுக்கும் எண் போட்டுச் சீட்டு ஒட்டியிருப்பாள். அவளிடம் ஒரு பொருள் இருந்த இடத்தைப் பற்றிப் பொய் சொல்வது அத்தனை சுலபமில்லை.

"நேத்து சாயங்காலம் இந்த மெத்தையை மொட்டை மாடியில போட்டு நானே அடிச்சுத் தட்டினேன். அப்ப இல்லாத பல்லு இப்ப எப்படி முளைச்சுது? அதுவும் ஈரமா?"

"அது... வந்து... உண்மையில கிளினிக்ல கிடைச்சுது. மருந்துத் தண்ணியில போட்டு வெச்சிருந்தேன். சும்மா உனக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு..."

"அப்ப பதினொரு நாளா உங்ககிட்டதான் இருந்திருக்கு! எங்கப்பா கஞ்சி குடிச்சது உங்களுக்கு விளையாட்டாப் போச்சு!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று செட்டுக்காரருக்குப் புரிந்தது. "நான் வெக்கலை. டாக்டர்தான் யாரோடதோன்னு நெனச்சு உள்ளே எடுத்து வெச்சிருந்தார். இன்னைக்குத்தான் கொடுத்தார்."

மனைவி தொலைபேசியை எடுத்தாள். ஒலிபெருக்கியை வேறு போட்டாள்.

"இன்னைக்கா?" என்றார் டாக்டர். "ஞாயித்துக்கிழமை யாரும்மா கிளினிக் திறப்பாங்க? சாவி என்கிட்ட இருக்கு. நான் இப்ப முடிவெட்டிக்கிட்டு இருக்கேன்."

பின்னால் கத்தரிக்கோல் சத்தமும் கேட்டது. அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

இதற்குள் மாமனார் விழித்து, பல்லை வாங்கி, கழுவி, மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை கடித்தும் பார்த்துவிட்டார்.

வேறு வழியில்லை. செட்டுக்காரர் உண்மையைச் சொன்னார். "ஆத்துல கிடைச்சுது. தூண்டில்ல மாட்டுச்சு."

"மீனுக்குமா பல்லு கட்ட ஆரம்பிச்சிட்டீங்க?"

"சத்தியமா."

"கயிறு திரிக்காதீங்க. டப்பா எங்க?"

டப்பா ஆற்றங்கரையில் இருந்தது. அதையும் சொன்னார். மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து தூண்டிலையும் எடுத்துவந்து காட்டினார். தூண்டிலைப் பார்த்தால் நம்புவாள் என்று நினைத்தார். அவள் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"சொன்ன சொல்லையும் மீறியிருக்கீங்க, பொய்யும் மூணு சொல்லியிருக்கீங்க. இனிமே இது என் அலமாரியிலதான் இருக்கும். உங்களுக்கு இதோட ஆத்துக்கு முழுக்கு."

செட்டுக்காரர் முதல் சம்பளத்தில் வாங்கிய தூண்டில் அது. வாரம் ஆறு நாள் பிறர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு காலை நேரம்தான் சொந்தம். மீன் வராவிட்டால் என்ன? ஆறு ஒன்றும் அவரைக் குறைசொன்னதில்லை. குறைசொன்னவள் இவள்தான். நூலகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. புதன்தோறும் மாலையில் அவர் வேலை முடிந்து வரும்போது, சந்தையில் வாங்கியது என்று முழங்கை நீளத்தில் ஒன்றை மேசையில் கிடத்தி, "இதுக்குப் பேர்தான் மீன், நல்லாப் பாத்து வெச்சுக்கோங்க" என்பாள். பல் தொலைந்த அந்தப் புதன்கிழமை வாங்கிவந்தது மேசையைத் தாண்டி வால் தொங்கியது. பல்லில்லாத மாமனார் பாவம், அன்று அதன் சூப்பை மட்டும் குடித்தார்.

"விடும்மா" என்றார் மாமனார். பல் வந்ததும் சொற்கள் திருத்தமாக விழுந்தன. "பல்லு வந்து சேந்துடுச்சு. எப்படி வந்துதுன்னு குடையறதுல என்ன லாபம்? மாப்பிள்ளை நல்லவர்."

பதினொரு நாளாக முகம் கொடுத்துப் பேசாத மனிதர் இப்படிச் சொன்னது செட்டுக்காரருக்கு இன்னும் வலித்தது. குற்றவாளி என்று முடிவுகட்டி மன்னிப்பும் கொடுத்துவிட்டார்களே!

"எனக்கு மன்னிப்பு வேண்டாம் மாமா. நான் சொன்னது நிஜம். வாங்க, ரெண்டு பேரும் என்கூட ஆத்துக்கு வாங்க. பாலத்தடியில புழு விக்கிற அம்மா இருக்காங்க, அவங்களையே கேட்டுடலாம்."

"வேண்டாம்!" என்றார்கள் அப்பாவும் மகளும் ஒரே குரலில்.

"வெயிலா இருக்கு" என்றார் மாமனார்.

"நான் நம்பிட்டேன், போதுமா?" என்றாள் மனைவி. "கஞ்சி ஆறுது, வாங்க."

"நீ நம்பலை. அவங்க வாயால கேட்டாத்தான் நம்புவே. கிளம்பு."

அழைப்பு மணி அடித்தது. செட்டுக்காரரே போய்க் கதவைத் திறந்தார். வாசலில் புழு விற்கும் பெண், கையில் சாப்பாட்டு டப்பா. மூடியில் மனைவி ஒட்டிய எண் சீட்டு பளிச்சென்று தெரிந்தது.

செட்டுக்காரருக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது. "வாங்கம்மா, வாங்க! நீங்களே சொல்லுங்க. இன்னைக்குக் காலையில நான் எங்க இருந்தேன்?"

"சார், இது உங்க வீடா?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். "ஆத்துலதான் இருந்தீங்க. எதையோ இழுத்துப் பையில போட்டுக்கிட்டு, சோத்து டப்பாவைக்கூட விட்டுட்டு ஓடுனீங்களே."

"கேட்டியா? கேட்டீங்களா மாமா?" செட்டுக்காரர் பதினொரு நாளுக்குப் பிறகு முதல்முறையாக நிமிர்ந்து நின்றார்.

மனைவி தரையைப் பார்த்தாள். மாமனார் வாயை இறுக மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். இவர்கள் இவ்வளவு சுலபமாகத் தோற்பவர்கள் இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. அப்போதுதான் இன்னொன்றும் தோன்றியது.

"ஆமா, நான் உங்ககிட்ட விலாசம் சொன்னதே இல்லையே. இந்த வீடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

புழு விற்கும் பெண் டப்பாவை மனைவியிடம் நீட்டிவிட்டுச் சொன்னாள்:

"அக்கா டப்பாவை எனக்குத் தெரியாதா சார்? அன்னைக்குப் புதன்கிழமை அக்கா அவ்வளவு பெரிய மீனை இழுக்கிறப்ப, ஐயா 'விடாதே, விடாதே'ன்னு கத்தினதுல பல்லு தண்ணிக்குள்ள விழுந்து, அவர் அதைத் தேடிக்கிட்டு நின்னுட்டாரு, மீனோட வாலைப் பிடிச்சுக்கிட்டு இந்த மூணு மாடியும் ஏறுனது நான்தானே!"