இருபது மடங்கு பைனாகுலரும் ஒரு கருட தரிசனமும்

பெண் பார்க்கப் போன இடத்தில் பொய்யே சொல்லாத ஆண் யாராவது இருந்தால் அவரை விழுந்து சேவிக்க நான் தயார். நானும் சொன்னேன். செம்பூரில் உமாவின் வீட்டில், கையில் பஜ்ஜித் தட்டோடு, "பறவைன்னா எனக்கு உயிர்" என்று சொன்னேன். (அதுவரை எனக்குத் தெரிந்த பறவைகள் இரண்டு வகை. காக்காய், காக்காய் அல்லாதது.)

பறவை பிடிக்குமா என்று கேட்டவர் உமாவின் அப்பா. கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ரிடையரானவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாஷிக் கழிமுகக் கரைக்குப் பருந்து பார்க்கக் கிளம்பிவிடுவார்.

"அப்படின்னா வர சண்டே எங்களோட வாங்கோளேன். பைனாகுலர் இருக்கோல்லியோ?"

"இருக்கு மாமா" என்றேன். இரண்டாவது பொய்.

எனக்கு உமாவை ரொம்பப் பிடித்துவிட்டது. ஏற்கெனவே மூன்று வீடுகளில் என்னைப் பார்த்துவிட்டு "ஜாதகம் சரியில்லை" என்று நாசூக்காகச் சொல்லியிருந்தார்கள். நாலாவது இடத்தையும் கோட்டை விட எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் ஃபோர்ட் கடைத்தெருவில் பைனாகுலர் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், இன்னொன்று இருபது மடங்கு. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் எட்டு மார்க் வாங்கி வந்தவனை யாரும் கொண்டாடியதில்லை.

"சாப், பீஸ் வாலா மத் லோ. ஹாத் ஹிலேகா" என்றார் கடைக்காரர். இருபது வேண்டாமாம், கை ஆடுமாம். எட்டுதான் நல்லது என்று இரண்டு தடவை சொன்னார். பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு இருபதை வாங்கினேன். மாட்டுங்காக்காரனையா ஏமாற்றுவார்?

ஞாயிறு காலை கரையில் நின்றோம். தண்ணீர் வற்றிக் கீழே ஒரே சேறு. நான் மாப்பிள்ளைக் களையில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். (பருந்து பார்க்க வெள்ளைச் சட்டை போட்டு வந்தவன் அன்று நான் ஒருவன்தான்.)

"அதோ, சேத்துப் பூனைப்பருந்து. அந்தப் புதருக்கு மேல" என்றாள் உமா.

இருபது மடங்கைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் சொன்னது வேதவாக்கு. என் கை லேசாக ஆடினால் உள்ளே வாஷியே ஆடியது. தெரிகிற இடமோ ஒரு தம்ளர் வாய் அளவு. அதற்குள் பறக்கிற பருந்தை எங்கே பிடிப்பது? ஒரு தடவை புதர் வந்தது, ஒரு தடவை தூரத்துக் கட்டடத்தில் காய்ந்த துண்டு வந்தது.

"தெரியறதா?" என்றார் மாமா.

"ஆஹா, எவ்வளவு அழகு" என்றேன், துண்டைப் பார்த்தபடி.

"அது அப்பவே பறந்து போயிடுத்தே" என்றாள் உமா.

மாமா என் பைனாகுலரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். திரும்ப என் கழுத்திலேயே மாட்டினார். பிறகு தன்னுடையதைக் கழற்றி நீட்டினார். "இது எட்டுதான். ஆனா கை ஆடாது, பரவலாத் தெரியும். வட்டம் போடற பருந்துக்கு அதான் வேணும். கழுத்துல மாட்டிண்டு பாருங்கோ."

கழுத்தில்தான் ஏற்கெனவே ஒன்று தொங்குகிறதே. "பரவாயில்லை மாமா, கையிலேயே வெச்சுக்கறேன்" என்றேன்.

வைத்துப் பார்த்தேன். உலகமே துலங்கியது. புதர், தண்ணீர், வானம், அந்த வானத்தில் வட்டமடித்துக்கொண்டு ஒரு பறவை. வெள்ளைத் தலை, செம்பழுப்பு இறக்கை, வெயில் பட்டுத் தகதகவென்று. கருடன். சாட்சாத் கருடன். வாழ்க்கையில் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் நடக்கப் பழகும்போதே இதையும் பழக்கிவிடுவார்கள். நான் யோசிக்கவில்லை. இரண்டு கையையும் எடுத்துப் பளார் பளார் என்று பக்தியோடு போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது தடவை போடும்போதுதான் கீழே 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது. மாமாவின் பைனாகுலர் கரைக் கல்லில் ஒரு அடி வாங்கி, உருண்டு, சேற்றில் போய் உட்கார்ந்தது.

நான் ஷூவோடு இறங்கினேன். முதல் அடியில் கணுக்கால், இரண்டாவதில் முழங்கால். எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஒரு ஷூ என்னோடு வர மறுத்துவிட்டது. வெள்ளைச் சட்டை எந்த நிறத்துக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நாலாவது ஜாதகமும் போச்சு என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

மாமா அதைத் துடைத்தார். கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள ஏதோ நகர்ந்துடுத்து. கருடன் ரெண்டாத் தெரியறது" என்றார். "பரவாயில்லை. டபுள் புண்ணியம்."

உமா கரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவள், ஸ்டேஷன் வரும்வரை நிறுத்தவில்லை. மறுநாள் சம்மதம் என்று போன் வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் காரணம் கேட்டேன். "பறவை உயிர்னு நீங்க சொன்னது பொய்னு பஜ்ஜி சாப்பிடறச்சேயே தெரியும். கருடனைப் பாத்து உங்க மூஞ்சி மலர்ந்ததே, அது பொய் இல்லே" என்றாள்.

இப்போதும் எங்கள் வீட்டில் பீங்கான் சாமான் எதையும் நேரடியாக என்னிடம் தர மாட்டார்கள். "கழுத்துல மாட்டிண்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தருவார்கள்.

எங்கள் பெண் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்க இரண்டு கையையும் நீட்டினேன். மாமனார் என்னைப் பார்த்தார். குழந்தையோடு ஜன்னலுக்குப் போய், வானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணும் வரலை. இப்போ வாங்கிக்கோங்கோ" என்றார்.