நாத்தனாரோடு கடல் பார்க்கப் போனது

அன்பும் பொறுமையும் உள்ள என் தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அத்தான் சுகம், கடல் சுகம். கூடவே இன்னொரு ஆளும் சுகமாகத்தான் இருக்கிறாள், அதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் நலமா, சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றதா என்று தெரிந்துகொள்ள ஆசை. நிற்க. நிற்க என்று எழுதுகிறேனே தவிர, எனக்கு இங்கே நிற்கவும் பிடிக்கவில்லை, உட்காரவும் பிடிக்கவில்லை.

பழங்காலக் கோட்டையையும் கடற்குகையையும் பார்க்காமலே இந்தப் பிறவி போய்விட்டது என்று ஓய்வு பெற்றதிலிருந்து உன் அத்தான் புலம்பிக்கொண்டிருந்தாரல்லவா, கடைசியில் இந்த மீனவ கிராமத்தில் ஒரு வாரத்துக்கு விடுதி பிடித்தார், "நீயும் நானும் மட்டும்" என்றார், இந்த வயதில் மனுஷனுக்கு இப்படி ஒரு எண்ணமா என்று நானும் உள்ளுக்குள் பூரித்துப்போய், புதுச்செருப்பெல்லாம் வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனால், பச்சைப் பெட்டியோடு அங்கே என் நாத்தனார் நிற்கிறாள். "தங்கச்சிதானே, பாவம், தையல் கடையே கதின்னு கிடக்கு" என்றார் உன் அத்தான், என் முகத்தைப் பார்க்காமல். பார்த்திருந்தால் பயணத்தையே ரத்து செய்திருப்பார். பேருந்தில் ஒற்றை இருக்கை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவர் குறட்டை விட, நாங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் பட்டுவிடக் கூடாது என்று ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தபடியே வந்து சேர்ந்தோம்.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் ஆறும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புதுத்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு வாடிக்கைக்காரியிடம், "எங்க அண்ணி ஒரு மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதாலேயே கேட்டேன். நான் ஒரு மாதிரியாம். வந்த வழியே திரும்பினேன், துணியை எதிர்த்தெருத் தையல்காரரிடம் கொடுத்தேன், அன்றோடு பேச்சு நின்றது. அன்றிலிருந்து எங்களுக்கு நடுவில் உன் அத்தான்தான் தபால்காரர். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "அண்ணிக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்கண்ணா" என்பாள். "வேண்டாம்னு சொல்லுங்க" என்பேன். அவர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, இப்போது கழுத்துவலித் தைலம் இல்லாமல் தூங்குவதில்லை.

முதல் நாள் கோட்டை. எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு சுற்றிக் காட்டும் ஓட்டுநருக்குச் 'சரித்திரம்' என்று பெயர் வைத்திருக்கிறேன், ஏனென்றால் எதைக் கேட்டாலும் எண்ணூறு வருஷம் என்கிறார். கிணறு எண்ணூறு வருஷம், படித்துறை எண்ணூறு வருஷம், உன் அத்தான் அவசரமாகத் தேடிய கழிப்பறையும் எண்ணூறு வருஷம். வேனைப் பார்த்தால் நம்பவும் தோன்றுகிறது. வழியில் ஒரு நீளச் சுவரைக் கண்டதும் உன் அத்தான் வேனை நிறுத்தச் சொல்லிக் குதித்து, சுவரைத் தடவி, அந்தக் காலத்து ராஜாக்களின் தொலைநோக்கைப் பற்றி நீளமாகப் பேசினார், எங்களையும் நிற்க வைத்துப் படம் பிடித்தார். எல்லாம் முடிந்த பிறகு சரித்திரம் மெதுவாக, "சார், இது ஐஸ் பேக்டரிங்க" என்றார். உண்மையான கோட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் கதவைப் பூட்டிவிட்டார்கள். கோட்டையைப் பார்க்கப் போய்க் கோட்டை விட்டோம். அதற்கு நாத்தனார், "அண்ணிதான் கிளம்ப லேட்டாக்கினாங்கன்னு நான் சொல்லலைன்னு சொல்லுங்கண்ணா" என்றாள். இதைத் தாங்கிக்கொண்டு உன் அக்கா உயிரோடு இருக்கிறாள்.

இரண்டாம் நாள் கலங்கரை விளக்கம். உன் அத்தான் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்கு விளக்கம் என்னப்பா?" என்றார். "இதுதான் சார் விளக்கம்" என்றார் சரித்திரம். உயரம் என்றால் அவருக்குக் கால் நடுங்கும் என்பதை வெளியே சொல்லாமல், "நீங்க போங்க, நான் கீழே இருந்து பொதுவாப் பார்த்துக்கிறேன்" என்று ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். தபால்காரர் இல்லாமல் நாங்கள் ஏறினோம். சுற்றிச் சுற்றிப் படி, எனக்கு மூச்சு, அவளுக்கு முழங்கால், ஆனால் யார் முதலில் நிற்பது என்ற வீம்பில் இரண்டு பேருமே நிற்கவில்லை. மேலே போனால், பொய் சொல்லக் கூடாது, அப்படி ஓர் அழகு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் கைக்குட்டை விரித்தது போல ஊர். நிம்மதியாகப் பார்க்க விட்டால்தானே. அவள் இருக்கும் பக்கம் வேண்டாம் என்று நான் நகர்ந்தால், அவளும் அதே எண்ணத்தில் நகர்கிறாள், மாடமோ வட்டம், எந்தப் பக்கம் போனாலும் எதிரே வந்து நிற்கிறாள். இயற்கை அழகை விட நாத்தனாரைத்தான் அதிகம் பார்த்தேன்.

இனி ஒரு நாள்கூட என்னால் முடியாது. நீதான் என்னைக் காப்பாற்ற வேண்டும். செல்போன் இங்கே எடுப்பதில்லை, விடுதியில் ஒரே ஒரு பழைய போன், அதுவும் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில். வெள்ளிக்கிழமை காலை நீ கூப்பிட்டு, உனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அக்கா உடனே வர வேண்டும் என்று சொல். பெரிய வியாதி எதையும் வாயில் வைக்காதே. முனகலைக் கொஞ்சம் சத்தமாக வை, பக்கத்து மேஜைக்கும் கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தை நாளை நம் ஊருக்கு வரும் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. எல்லாருக்கும் நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும், ஒருத்தியைத் தவிர, அவளுக்கு ஆயுள் மட்டும் போதும்.

இப்படிக்கு,
உன் பரிதாபத்துக்குரிய அக்கா

பி.கு.: நடத்துநர் நேற்று விடுப்பில் போய்விட்டதால் கடிதம் என்னிடமே தங்கிவிட்டது. நல்லதாய்ப் போயிற்று. தயவுசெய்து போன் பண்ணிவிடாதே.

நேற்று கடற்குகைக்குப் போனோம். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரம், நடந்தே உள்ளே போகலாம் என்றார் சரித்திரம். செருப்புகளைக் காவல் காக்க உன் அத்தான் மணலில் தங்கிவிட்டார். உள்ளே பச்சை வெளிச்சத்தில் மெய்மறந்து நின்றுவிட்டு வெளியே வந்தால், சுற்றிலும் தண்ணீர் ஏறியிருக்கிறது. நீச்சல் இரண்டு பேருக்கும் தெரியாது. பக்கத்திலிருந்த பாறையில் தொற்றி ஏறிக்கொண்டோம். கரையிலிருந்து உன் அத்தான் கையை ஆட்டி என்னவோ கத்துகிறார், அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது அவள், "நகர்ந்து உட்காருங்க அண்ணி, அந்தக் கல்லு ஒரு மாதிரி வழுக்குது" என்றாள். நேராக என்னிடமே.

எனக்கு வந்ததே கோபம். "கல்லும் ஒரு மாதிரி, நானும் ஒரு மாதிரி. உலகத்துலயே நேரா இருக்கிறது உன் கத்தரிக்கோல் ஒண்ணுதான்" என்றேன். அவள் விழித்தாள். கடையில் கேட்டதை அப்படியே சொன்னேன். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணி, அந்தப் பொம்பளை கடையில மாட்டியிருந்த உங்க சட்டையைப் பார்த்துட்டு, எனக்கும் இதே அளவுல தைச்சுக் கொடுன்னு நின்னுச்சு. தோள் எல்லாருக்கும் ஒண்ணாவா இருக்கும், எங்க அண்ணி ஒரு மாதிரி, நீங்க ஒரு மாதிரின்னு சொன்னேன். நீங்க பாதியிலேயே போயிட்டீங்களா?"

"போயிட்டேன்."

"துணியை எதிர்த்தெருவுல கொடுத்துட்டீங்கன்னு கேள்விப்பட்டு நான் அழுதேன். அந்த ஆளுக்குக் கழுத்தே வெட்டத் தெரியாது. இத்தனை வருஷமா உங்க சட்டையைப் பார்க்குறப்ப எல்லாம் என் வயிறு எரியும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு வார்த்தைக்காக ஒன்பது வருஷத்தை வீணாக்கியிருக்கிறோம், கழுத்து சரியில்லாத சட்டைகளோடு. அப்போது கூடையோடு சிப்பி பொறுக்கும் ஒரு பெண் அந்தத் தண்ணீரில் சாவகாசமாக நடந்து வந்து, "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்றாள். தண்ணீர் வடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம் என்றோம். "முழங்கால் அளவுதானேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. பேச வேண்டியது நிறைய பாக்கி இருந்தது.

இன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விடுதிக்கார அம்மா, "தையல்கார அம்மாவுக்கு போன்" என்றார். நாத்தனாரின் கடையில் வேலை செய்யும் பெண். அவள் கத்திய கத்தல் கூடம் முழுக்கக் கேட்டது: "அக்கா, மெஷின் ரெண்டும் உடைஞ்சு போச்சு, உடனே கிளம்பி வாங்க." நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உடைஞ்சா உடையட்டும். கடையைப் பூட்டிட்டு நீயும் எங்கேயாவது போய்ச் சுத்திட்டு வா" என்று போனை வைத்துவிட்டாள்.

"ரெண்டும் ஒரே நேரத்துலயா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் அப்படிப் பேசச் சொல்லிட்டு வந்தேன் அண்ணி. பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே" என்றாள்.

நான் உன் இடுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். விடுதிக்கார அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் வரை இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. உன் அத்தான் என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், யாரும் சொல்லவில்லை. இப்போது அவர் மூலமாக யாரும் எதையும் சொல்வதில்லை என்பதில் அவருக்கு மனக்குறை, வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார். நாங்கள் இன்னும் ஒரு வாரம் இருக்கிறோம்.

அறையில் கட்டில் காலியாகிறது, நீ கிளம்பி வா. வரும்போது உன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வா. நீங்கள் இரண்டு பேரும் எதற்காகப் பேசிக்கொள்வதில்லை என்று நான் கேட்க மாட்டேன். பாறை பெரியதுதான், நாலு பேர் தாராளமாக உட்காரலாம்.