பாம்புக்குப் போட்ட தெருவிளக்கு

ஆலந்தலையில் எங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று நாங்கள் கொடுக்காத மனு இல்லை. 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று பதில் மட்டும் தவறாமல் வரும். கடைசியில் விளக்குக்குப் பதிலாக ஒரு நல்லபாம்பு வந்தது. என் பக்கத்து வீட்டு ஹில்டாவின் பிரிட்ஜுக்குப் பின்னால் சுருண்டு படுத்துக்கொண்டது.

ஹில்டாவின் புருஷன் ஜோன்ஸ் கப்பலில் இருக்கிறான். அவள் மகள் ஷெர்லினை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். முன்பெல்லாம் இப்படி என்றால் கம்போடு ஓடுவோம். இப்போது நாகரிகம் வளர்ந்துவிட்டதால் தெருவே செல்போனோடு ஓடியது. "பாவம், அதுவும் ஒரு உயிருதான" என்று ஜன்னல் வழியாகப் படம் எடுத்தபடி ஜெனோ சொன்னான். அவன் வீடு நாலு வீடு தள்ளி.

ஊர்வன நல அலுவலகத்துக்கு நான்தான் போன் போட்டேன்.

"கடல் பாம்பா, தரைப் பாம்பா? கடல் பாம்புன்னா எங்க லிமிட் இல்ல."

"பிரிட்ஜுக்குப் பின்னால கெடக்கு, சார்."

"அப்ப எங்களுதுதான்."

ஆய்வாளர் சுடலைக்கண்ணன் ஜீப்பில் வந்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்து, பாம்பு மன உளைச்சலில் இருப்பதாகத் தெரிவித்தார்.

"பிடிச்சிட்டுப் போங்க, சார்" என்றாள் ஹில்டா.

"அது தானா விரும்பி வந்து தங்கியிருக்கும்மா. கட்டாயப்படுத்தி அப்புறப்படுத்த விதியில இடமில்ல. நீங்கதான் ஒத்துழைக்கணும்."

"ஞாயித்துக்கிழம மாதா கோயில்ல பிள்ளைக்குப் புதுநன்ம, சார். மொதமொதல்ல நற்கருண வாங்கப்போறா. வெள்ளக் கவுனு உள்ள பீரோல இருக்கு."

"பாம்பு போனதும் எடுத்துக்கலாம்."

கதவைப் பூட்டி, 'மேற்படி பாம்பின் தற்காலிக உறைவிடம். அத்துமீறி நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பலகை மாட்டினார். தாயும் மகளும் எங்கள் வீட்டில் தங்கினார்கள்.

இருட்டில் யாராவது மிதித்துவிட்டால் பாம்புக்கு என்ன ஆகும் என்று அலுவலகம் கவலைப்பட்டது. மறுநாளே விளக்கு வந்தது. பாம்புக்குத் தாகம் எடுக்குமே என்று குடிதண்ணீர்க் குழாய் வந்தது. கண்ணாடிச் சில்லு வயிற்றைக் கீறிவிடுமே என்று குப்பையை அள்ளினார்கள். நாங்கள் குடத்தோடு வரிசையில் நின்று பாம்பை வாயார வாழ்த்தினோம்.

சனிக்கிழமை காலையில் ஹில்டா ஓடி வந்தாள். "செபாஸ்டின் அண்ணாச்சி, பாம்பு தண்ணி போற ஓட்ட வழியா வெளிய போயிட்டு. எங்கண்ணால பாத்தேன். ஆபீசுக்குச் சொல்லுங்க, கவுன எடுக்கணும்."

தெரு கூடி யோசித்தது. முடிவைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "ஏளா, அவசரப்படாத. பாம்பு போச்சுன்னா விளக்கையும் கழட்டிட்டுப் போயிருவான். கவுனு யாருகிட்டயாவது இரவல் வாங்கிக்கிடலாம்" என்றேன். ஷெர்லின் அழுதாள். பிள்ளைகள் என்றால் அழத்தான் செய்யும்.

ஹில்டா செல்போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். மதியம் சுடலைக்கண்ணன் வந்தார். அவள் வீட்டுப் பூட்டைத் திறந்து பலகையைக் கழற்றினார். என் வீட்டைப் பூட்டி, அதில் மாட்டினார்.

"சார், இங்க பாம்பே இல்ல."

"இங்க குடிமாறிட்டதா அந்தம்மா தகவல் கொடுத்திருக்காங்க."

"உள்ள வந்து பாருங்க, சார்."

"உள்ள போனா அதுக்குத் தொந்தரவு."

"ஏலே ஜெனோ, நீயாவது சொல்லுலே."

ஜெனோ என்னைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். "பாம்பு உள்ளதான் இருக்கு, சார். நான் பாத்தேன்" என்றான். தெருவே தலையாட்டியது.

ஞாயிற்றுக்கிழமை ஷெர்லின் வெள்ளைக் கவுனில் புறப்பட்டாள். தெரு முழுக்கப் பின்னால் போனது. குழாயடியில் கைலியோடு உட்கார்ந்திருந்த என்னருகே ஹில்டா நின்றாள்.

"கோயிலுக்கு வரலயா, அண்ணாச்சி?"

"சட்டையெல்லாம் பீரோல இருக்குளா."

"அதுக்கென்ன, யாருகிட்டயாவது இரவல் வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.