டூரிஸ்ட் வராத விடுதியில் எங்கள் வேலைப்பளு

புளியந்தீவு,
2003 ஆனி மாதம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனர் வினாயகமூர்த்தி அறிவது,

நானும் உன் அக்கா சீதேவியும் பிள்ளைகளும் நலம். கட்டாரில் வெயில் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கும் அதே வெயில்தான், விசா மட்டும் தேவையில்லை.

சமாதானம் வந்துவிட்டதாமே, டூரிஸ்ட் வேலை திரும்பத் துவங்கிவிட்டதா, வந்து பழையபடி என்னோடு சேரலாமா என்று கேட்டிருந்தாய். பாசிக்குடாவில் நாம் இருவரும் தட்டு ஏந்திய ஹோட்டல் சண்டையில் போனபிறகு என்னிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

வாவிக்கரையில் புதிதாக ஒரு விடுதி திறந்திருக்கிறார்கள். நான் வெயிட்டர். சமையலுக்குச் சித்தாண்டியிலிருந்து சின்னத்தங்கம் என்றொரு பெண். விருந்தாளிகளைத் தோணியில் ஏற்றி வாவியைக் காட்டக் காத்தான்குடி முத்தலிப் காக்கா. மனேஜர் கொழும்பில் ஹோட்டல் படிப்புப் படித்த தவேந்திரன் தம்பி. நல்ல பிள்ளை. குறை ஒன்றுதான், டூரிஸ்ட் வரவில்லை. வராவிட்டால் என்ன, வருகிற நேரம் நாங்கள் தயாராக இருக்கவேண்டும் என்று மனேஜரே தினமும் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வெள்ளைக்காரனாகத் திரும்பி வருவார். நாங்கள் மாலை போட்டு, இளநீர் குடுத்து, அறையைக் காட்டவேணும். மத்தியானம் சூப் ஆறிப்போச்சு எண்டு இங்கிலீசில ஏசுவார். நான் மன்னிப்புக் கேட்டு வேற கொண்டு போவன். அதுவும் ஆறிப்போச்சு எண்டுவார். பின்னேரம் தோணியில ஏறி, அது என்ன பறவை எண்டு கேப்பார். முத்தலிப் காக்கா, கொக்கு எண்டு சொல்லுவார். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே கொக்கு. ஒருநாள் காக்கா பொறுக்கமாட்டாம, "நேத்தும் இதத்தானே தம்பி கேட்டீங்க" எண்டு சொல்லிப்போட்டார். டூரிஸ்ட்டிட்ட அப்பிடிக் கதைக்கப்படாது எண்டு அவருக்கு எழுத்தில எச்சரிக்கை குடுத்தாங்க.

சின்னத்தங்கத்துக்கு இன்னும் கரைச்சல். குசினிக்குள்ள சப்பாத்துப் போடவேணும், எந்த நேரமும் சிரிச்ச முகமா நிக்கவேணும். "நெருப்புக்கு முன்னால நிண்டு ஆரப் பாத்துச் சிரிக்கிற?" எண்டு கேட்டா. அடுப்பப் பாத்துச் சிரிங்க எண்டார் மனேஜர். ஒரு டூரிஸ்ட்டும் வராத அந்த மாசங்களில நாங்க வேல செய்த மாதிரி, பாசிக்குடாவில ஹோட்டல் நிறைஞ்சு கிடந்த காலத்திலகூட நீயும் நானும் செய்யல்ல மச்சான். உண்மையான டூரிஸ்ட் வந்தாலாவது கொஞ்சம் இருந்து எழும்பலாம் எண்டு நேந்துகொண்டம்.

மறுகா ஒருநாள் வந்தான். நெடுவலான வெள்ளைக்காரன், பெரிய வாகனம். மனேஜருக்குக் கண் கலங்கி, படிச்ச இங்கிலீசு அவ்வளவும் மறந்துபோச்சு. நான்தான் மாலையைப் போட்டன். அவன் மாலையோடயே நேரா விடுதிக்குப் பின்னால போய், வளவ ஒருக்காப் பாத்துப்போட்டு, திரும்பி வந்து மெதுவா என்னமோ சொன்னான். "பின்வளவுக்கு ஒருத்தரும் போகப்படாதாம்" எண்டு மனேஜர் சொன்னார். முந்தி அங்க முகாம் இருந்ததாம், மிதிவெடி கிடக்கலாமாம், அவன் அத எடுக்கிற கூட்டத்தின்ர பெரியவனாம்.

அந்த வளவிலதான் சின்னத்தங்கம் கட்டில் விரிப்பெல்லாம் காயப்போடுற. கறிவேப்பிலை ஆயுற. மத்தியானத்தில நான் மாமரத்துக்குக் கீழ படுக்கிறதும் அங்கதான். "அண்ணே, நேத்தும் அதுக்குள்ள குறட்டை விட்டீங்க" எண்டா சின்னத்தங்கம். அதுக்குப் பிறகு கொஞ்ச நாள் நான் சீமெந்து போட்ட இடத்தில மட்டும்தான் கால் வைச்சன்.

அவங்க எல்லா அறையையும் எடுத்துக்கொண்டாங்க. நல்ல மனிசர். சூப் ஆறினாலும் குடிக்கிறாங்க. ஆனா வேலைக்கு ஊர் ஆக்களையும் எடுக்கிறாங்க, பொம்பிளையளையும் எடுக்கிறாங்க எண்டு கேள்விப்பட்ட உடன சின்னத்தங்கம் கரண்டிய வைச்சுப்போட்டுப் போய்ப் பெயர் குடுத்திட்டா.

"உங்களுக்கு இங்க என்ன குறை?" எண்டு மனேஜர் கேட்டார்.

"அங்க சிரிக்கத் தேவையில்லையாம் தம்பி" எண்டா.

இப்ப காக்காதான் சமையல். தோணியும் நான், சாப்பாட்டு மேசையும் நான். விசர் வேலைக்குப் போறியே புள்ள எண்டு சின்னத்தங்கத்துக்கு எவ்வளவோ சொன்னன், கேக்கல்ல. அது அவட குடும்பத்துக் காரியம். நான் உயிரோடு இருக்கும்வரை நம் குடும்பத்தில் ஒருவர் அந்த வேலைக்குப் போகமாட்டார். ஹோட்டல் வேலையில் ஒரு மரியாதை இருக்கிறது. டூரிஸ்ட் வரும்வரை நான் பொறுத்திருப்பேன், நீ கட்டாரிலேயே இரு. அவசரப்பட்டு வந்துவிடாதே.

மாமாங்கப் பிள்ளையார் உன் உடம்பையும் பாஸ்போர்ட்டையும் ஒருசேரக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்
அழகரத்தினம்

பி.கு.: இக்கடிதம் தபாலில் போடாமல் சட்டைப்பைக்குள்ளேயே கிடந்துவிட்டது. அதற்கிடையில், ஒரு யோசனையில், நானும் பெயர் குடுக்கப் போனன். ஹோட்டலில ரெட்டை வேலை எண்டு வீட்டில சொல்லிப்போட்டுப் போனா, அங்க முன்வரிசைக் கதிரையில உன்ர அக்கா இருக்கிறா.

"கோயிலுக்கு எண்டெல்லோ சொன்ன?" எண்டு கேட்டன்.

"நீங்க ஹோட்டலுக்கு எண்டு சொன்னீங்க" எண்டா.

அதுக்குமேல கதைக்க நேரமில்ல, சோதனை துவங்கிட்டு. முழங்காலில நிண்டு, மிதிவெடி எண்டு மண்ணுக்குள்ள புதைச்ச தகரப் பேணி மூடிய அசையாம எடுக்கவேணும். அவ அரிசியில கல் பொறுக்கிற மாதிரி எடுத்து வைச்சா. எனக்கு முழங்கால் மடங்கல்ல, இத்தனை வருசம் தட்டோட நிண்ட கால். அவவ எடுத்திட்டாங்க, என்ன எடுக்கல்ல. இப்ப அவவுக்கு வாழைச்சேனைப் பக்கம் வேலை. பின்னேரத்தில அவட பஸ் வர முந்தியே நான் போய் நிக்கிறன். இறங்குற நேரம் கையையும் காலையும் பாப்பன். "என்ன பாக்கிறீங்க?" எண்டு கேப்பா. "சும்மா" எண்டு சொல்லுவன்.

ஆகவே மேலே எழுதிய புத்திமதியை விட்டுவிடு. வாறதெண்டா வா. முழங்கால் மடங்குதோ எண்டு மட்டும் அங்கேயே பாத்துக்கொள்.