பெரியவருக்கு மருந்து கொடுத்தவர்

அந்த வீட்டில் ‘பெரியவர்’ என்றால் அது குடும்பத் தலைவரைக் குறிக்காது. பதினான்கு வயது நிரம்பிய சாம்பல் நிறப் பூனையையே குறிக்கும். ஆவண அறையில் முப்பத்தோராண்டுகள் தலைமை எழுத்தராக வீற்றிருந்து ஓய்வுபெற்ற கணவருக்கு இதில் நெடுநாளைய மனத்தாங்கல் உண்டு. பூனைக்கு ஏழு சொத்தைப் பற்களைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பிய அன்று அந்த மனத்தாங்கல் முற்றிப்போயிற்று. மெத்தென்ற இடத்தில் படுக்க வைக்கும்படி மருத்துவர் அம்மாள் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, மனைவி அவருடைய சாய்வு நாற்காலியைப் பூனைக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஒரு பகல் முழுவதும் முக்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படித்ததில் அவருடைய முதுகு கேள்விக்குறியாயிற்று. மாலையில், தையல் இயந்திரத்தின் முன்னிருந்த மனைவியிடம் வீர சபதம் ஒன்றை வெளியிட்டார். நாளை முதல் இரு வேளையும் மருந்து கொடுப்பது தம் பொறுப்பு. ஒரு வாரத்தில் வாய் ஆறிவிட்டதென மருத்துவர் சொன்னால் நாற்காலி தமக்குத் திரும்ப வேண்டும்.

மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். “அப்புறம் பின்வாங்கக் கூடாது.”

“எத்தனை அதிகாரிகளைச் சமாளிச்சவன் நான். ஒரு பூனையைச் சமாளிக்க மாட்டேனா?”

“அவங்கெல்லாம் நகம் வெட்டியிருந்தாங்க.”

மருந்து இளஞ்சிவப்பு நிறத் திரவம். ஊசியில்லாத பீச்சுக்குழலில் எடுத்து வாயோரத்தில் செலுத்த வேண்டும். மறுநாள் காலை அவர் அவ்வாறே செலுத்தினார். பாதி அவருடைய மூக்குக்கண்ணாடிக்கும் மீதி பனியனுக்கும் போய்ச் சேர்ந்தது. பெரியவர் இழந்தவை பற்கள்தாம், நகங்கள் அல்ல என்பதை அவர் முழங்கையில் நான்கு கோடுகள் தெளிவாக எடுத்துரைத்தன. பூனையோ, மனுவை நிராகரித்த மேலதிகாரியைப் போல நாற்காலியில் ஏறி மீசையைத் துடைத்துக்கொண்டது.

நடந்ததோ இல்லையோ, ஏட்டில் ஏற்றி ஒப்பமிட்டுவிட்டால் அது நடந்ததே என்பது அவருடைய பணிக்கால நம்பிக்கை. சமையலறைக் கதவில் ஓர் அட்டவணையை ஒட்டினார். வேளைக்கு ஓர் அளவு மருந்து கழுவுதொட்டிக்குப் போயிற்று. வேளைக்கு ஒரு வரி அட்டவணையில் ஏறிற்று. ‘காலை 8.10. மறுப்பின்றி அருந்தினார். ஒப்பம்.’ ‘மாலை 6.05. விரும்பி அருந்தினார். ஒப்பம்.’ நான்காம் நாள் கற்பனை கரைபுரண்டு, ‘மேலும் கேட்டார்’ என்றும் எழுதிவிட்டார்.

ஐந்தாம் நாள் அவருக்குப் பயம் வந்துவிட்டது. கிழப் பூனை, ஏழு புண்கள், ஒரு சொட்டு மருந்தும் உள்ளே போகவில்லை. பூனை கொட்டாவி விடும் வரை காத்திருந்து, கைவிளக்கடித்துப் பார்த்தார். ஈறு பூப்போல ஆறியிருந்தது. மருத்துவ விஞ்ஞானமே வீண் என்ற முடிவுக்கு அவர் அக்கணமே வந்தார்.

வாரம் முடிந்து மருத்துவமனைக்குப் போனபோது மருத்துவர் அம்மாளும் முழுத் திருப்தி தெரிவித்தார். மனைவி கைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்து நீட்டினாள். அதைப் படித்த மருத்துவர் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தளர்ந்திருப்பது தெரிகிறதென்றும், இனி ஆயுள் முழுதும் தினமொரு மாத்திரை தேவையென்றும், மிகவும் கசக்குமாதலால் உணவில் கலந்தால் தொடாது, கையால்தான் வாயில் போட வேண்டுமென்றும், பல வீடுகளில் முடியாத இக்காரியத்துக்கு இவரைப் போன்றவர் வாய்த்தது பூனையின் பாக்கியமென்றும் கூறினார். புகழ்ச்சியில் மிதந்த அவருடைய தலை தானாகவே ஆடிவிட்டது.

திரும்பும் வழியில், மடியிலிருந்த கூடைக்குள் பூனை உறுமியபோதுதான் அவருக்குத் தெளிவு பிறந்தது.

“ஏம்மா, ஒரு விஷயம் சொல்லணும்.”

“தொட்டியில ஊத்தினதா?”

அவர் கூடையின் மூடியைச் சரிசெய்தார்.

“மொத நாளே தொட்டி ஓரமெல்லாம் இளஞ்சிவப்பா இருந்துச்சு. அப்பவே மருந்தை வேற குப்பிக்கு மாத்திட்டேன். அதுக்கப்புறம் நீங்க ஊத்தினதெல்லாம் கலர் கலந்த சர்க்கரைத் தண்ணி.”

“அப்ப மருந்து?”

“நீங்க நடக்கப் போன நேரமாப் பாத்து, மசிச்ச மீன்ல கலந்து வச்சேன். தட்டை நக்கிட்டுப் போயிடுச்சு.”

“டாக்டர்கிட்டயே இதைச் சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கையெழுத்துப் போட்ட ஆவணம். அதைப் பொய்னு நான் சொல்லலாமாங்க?”

வீடு வந்ததும் மனைவி சொன்ன சொல் தவறவில்லை. விரிப்பை உதறி, ரோமம் தட்டி, நாற்காலியை முறைப்படி ஒப்படைத்தாள். இழந்த நாட்டை மீட்ட மன்னராக அவர் அதில் சாய்ந்தார். முதுகு முழுதாகப் பதிவதற்குள் மாத்திரைப் பட்டையை ஒரு கையில் திணித்து, பெரியவரைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

“நாற்காலி உங்களுக்குத்தான். பெரியவருக்கு இனிமே நீங்கதான் நாற்காலி.”