எடை கேட்காத ஞானி

ஒரு முதுகெலும்பின் விலை நாற்பத்தெட்டாயிரம். பாதி முன்பணம். பேரம் பேசினால் பைக்குக்குத் தோஷம்.

விலை வைத்தவர் ஸ்பிரிங் ஞானி. அவர் ஷெட்டுக்கு முன்னால் காலையிலேயே வரிசை வளைந்து நின்றது. எல்லாரும் மண்மேட்டில் பைக்கை எகிறவிடும் ஆசாமிகள். பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரில், அதாவது பைக்கின் முதுகெலும்பில், ஸ்பிரிங் மாற்ற வந்தவர்கள். ஞானிக்கு ஒரே கேள்விதான்: பிறந்த நேரம். பிறகு சீட்டில் காதை வைத்து, கண்ணை மூடி, பைக்கின் மூச்சைக் கேட்பார். நெருப்பு ஆளுக்குச் சிவப்பு ஸ்பிரிங், நீர் ஆளுக்கு நீலம், காற்று ஆளுக்கு மஞ்சள். வாராவாரம் மண்ணில் விழுந்து புரளும் நமக்கு மண் நிறத்தில் ஒன்று இல்லையா என்று கேட்க, வரிசையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பறவைக்கும் தோன்றவில்லை. பட்டப்பெயர்தான் பறவை, லாரியிலிருந்து பீரோ இறக்குவது தொழில், உடம்பும் ஏறக்குறைய பீரோ. பறப்பதில் அவருக்குக் குறையில்லை. தரை தொடும்போதுதான் ஷாக் அடிவரை அமுங்கி, இடுப்பில் டங்கென்று இடிக்கும். இன்னும் ரெண்டு இடி விழுந்தால் பீரோ என்ன, தலையணைகூடத் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பைக்கை விடு என்றும் சொன்னார். அந்த வாக்கியம் மட்டும் காதில் விழவில்லை.

ஆகவே, மனைவி இரண்டாவது தையல் மிஷினுக்குச் சேர்த்த நாற்பத்தெட்டாயிரமும் இப்போது பறவையின் சட்டைப்பையில். பணத்துக்குக் காவலாக மனைவியும் கூடவே, கழுத்தில் அளவு டேப்போடு.

இவர் ஏன் எவருடைய எடையையும் கேட்கவில்லை என்று அவள் காதோடு கேட்டாள். அதற்காகத்தானே இத்தனை கூட்டம் என்றார் பறவை. மற்ற கடைகளில் வாசலிலேயே எடை கேட்பார்கள். உண்மை சொன்ன பைக் ஆசாமி இன்னும் பிறக்கவில்லை. போன தடவை பறவை சொன்னது எழுபத்தெட்டு, கடைக்காரர் அதற்கேற்ற மெல்லிய ஸ்பிரிங்கை மாட்டினார், ஷாக் படுத்துக்கொண்டது, பழி மட்டும் வானத்துக்குப் போய்க் கிரகங்களின் தலையில் விழுந்தது.

"இடுப்பு முப்பத்திநாலுன்னு சொல்லிட்டு நாப்பதுக்குத் தைக்கச் சொல்ற கூட்டம்தானே நீங்க," என்றாள் அவள்.

முறை வந்தது. பறவை நெருப்பு ஆளாம்; சிவப்பு. முன்பணத்துக்கு ஞானி கையை நீட்டினார். அவளோ முற்றத்தைப் பார்த்தாள். ஒரே கம்பெனி, ஒரே மாடல் பைக் மூன்று, ஞானி கைபட்டு நின்றன: சிவப்பு, நீலம், மஞ்சள். மூன்றிலும் புருஷனை ஒரு தடவை உட்காரவைத்துப் பார்க்கட்டுமா என்றாள்.

"அடுத்தவர் மூச்சுல உக்காந்தா வண்டிக்கு ஆகாதும்மா."

"ஓட்டப் போறதில்ல சாமி. உக்காரத்தான் போறாரு."

இலவச வேடிக்கையை எந்தக் கூட்டம் விட்டது? வழிவிட்டார்கள். சக்கர அச்சிலிருந்து மட்கார்டுவரை டேப் பிடித்தாள். சிவப்பில் பறவை உட்கார்ந்ததும் பின்பக்கம் பதினாலு சென்டிமீட்டர் இறங்கியது. நீலத்திலும் பதினாலு. மஞ்சளிலும் அதே. வரிசையிலிருந்த ஒல்லியைச் சிவப்பில் ஏற்றினாள், எட்டு.

"நிறம் மாறினா ஒண்ணும் மாறல. ஆள் மாறினாத்தான் மாறுது. அப்போ பிறந்த நேரம் எதுக்குங்க?"

நம்பாதவர் பக்கத்தில் நின்றால் பலிக்காது என்றார் ஞானி.

"டேப்புக்கு நம்பவும் தெரியாது, நம்பாம இருக்கவும் தெரியாது. அளக்க மட்டும்தான் தெரியும்."

நீல ஸ்பிரிங்காரர் சாவியை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டினார். நீலத்துக்கு அடியில் சிவப்பு. போன பிறவியில் நெருப்பு ஆளாக இருந்திருப்பார் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு முன்பணங்கள் வந்த வழியே திரும்பின. கூட்டம் அடுத்த தெரு ஸ்பிரிங் கடைக்கு நகர்ந்தது. அங்கே முதல் கேள்வி எடை. பறவையின் வாய் எழுபதில் ஆரம்பித்தது. மனைவி கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். அவர் வாழ்நாளில் இறக்கிய சாமான்களிலேயே கனமானதை அப்போது இறக்கிவைத்தார்.

"தொண்ணூத்தாறு. ஹெல்மெட், பூட்ஸோட நூத்திமூணு."

பின்னால் நின்றவர்களும் தொண்டையைச் செருமிக்கொண்டு தத்தம் எடையைத் திருத்தினார்கள்.

கணக்கு இது. கெட்டி ஸ்பிரிங் ஆறாயிரம், மாட்டக் கூலி ஐந்நூறு. தையல் மிஷினுக்கு மீதி நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு. இடுப்பு பத்திரம். ஞானி வேறிடத்தில் இப்போது ஏசி மிஷினுக்கு மூச்சுக் கேட்கிறார், அங்கேயும் வரிசையாம். பைக் வரிசை முழுக்கச் சேர்ந்து முதலில் ஒளித்து, பிறகு ஒப்புக்கொண்ட எடை நூற்றுப் பத்துக் கிலோ. தலைக்குள் இருக்கும் மூளையை மட்டும் இன்னும் நிறுக்கவில்லை. உடையவர்கள் உபயோகித்துவிட்டுக் கொண்டுவந்தால் வரவு வைத்துக்கொள்ளலாம். அதுவரை பாக்கி.