சாந்தமூர்த்தி சேதத்தைக் காப்பாற்றிய கதை

ஒரு காட்டில், அது எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லை வழக்கு இன்னும் முடியவில்லை, சாந்தமூர்த்தி என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தார். உடம்பெல்லாம் முள், பெயரோ சாந்தமூர்த்தி. பெயர் வைத்தவர்கள் பிள்ளையின் முதுகைத் தடவிப் பார்க்காமல் வைத்திருக்க வேண்டும். அவர் மனைவி கோமளம் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் அடைமழையும் பிரசவமும் ஒன்றாக வரும் என்று இருவருக்கும் தெரியும். அதனால்தான் சாந்தமூர்த்தி மருதமரத்தடியில் பார்த்துப் பார்த்து ஒரு வளை தோண்டியிருந்தார். படுக்க ஓர் அறை, கிழங்கு சேர்க்க ஓர் அறை, வரப்போகிற பிள்ளைக்கு ஓர் அறை.

ஒரு நாள் காலை இருவரும் வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது குட்டியப்பன் என்ற யானை பலாப்பழ வாசனையை மோப்பம் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே நடந்து வந்தார். அவருடைய பின்னங்கால் ஒன்று பொதுக்கென்று தரைக்குள் இறங்கியது. மூன்று அறையும் ஒரே அறையாகி, அடுத்த நொடியில் அதுவும் இல்லாமல் போனது.

குட்டியப்பன் பதறிப்போய்க் காலை உருவினார்.

"ஐயையோ! மன்னிச்சுக்கோ தம்பி, கவனிக்கவே இல்லை. மாசமா இருக்கிற புள்ளை வேற. ஒண்ணும் கவலைப்படாதே. தந்தத்தால நாலு குத்து குத்தினா பழைய மாதிரி ஆக்கிடலாம். மத்தியானத்துக்குள்ள குடி போயிடுவீங்க."

கோமளத்துக்கு உயிர் வந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சுண்ணே," என்றாள்.

குட்டியப்பன் தலையைத் தாழ்த்தி முதல் குத்துக்குத் தயாரானபோது மருதமரத்தின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தொடாதீங்க!"

வக்கீல் ஏகாம்பரம். ஓணான். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். தன் பக்கம் நியாயம் இருப்பதாக ஒவ்வொரு கட்சிக்காரரும் நம்பி வீடு திரும்புவது அதனால்தான்.

"சார், இவர் இப்ப தோண்டிக் குடுத்துட்டார்னா சேதம் எங்கே? சேதம் இல்லாம இழப்பீடு எப்படி? சட்டம்னு ஒண்ணு இருக்கு சார். உங்களுக்குச் சேர வேண்டியதை விட்டுக்குடுக்காதீங்க."

சாந்தமூர்த்தி அதுவரை வாழ்க்கையில் எதையும் பெரிதாகப் பெற்றதில்லை. 'உங்களுக்குச் சேர வேண்டியது' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முதுகில் அத்தனை முள்ளும் பெருமையில் எழுந்து நின்றன.

"அண்ணே, காலை எடுத்துட்டு அப்படியே போயிடுங்க. நோட்டீஸ் வரும்," என்றார்.

"இப்ப நாம எங்கேங்க தங்கறது?" என்று கோமளம் கேட்டாள்.

"சேதத்துக்குப் பக்கத்துல," என்றார் சாந்தமூர்த்தி.

அன்று முதல் ஒரு புதர் மறைவில் குடித்தனம். சாந்தமூர்த்தி இடிந்த வளையைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார். அதன் மேல் சருகு விழுந்தால் பதறுவார். வழியில் போன முயல் ஒன்று பாவப்பட்டு ஒரு மண்கட்டியை நகர்த்தி வைத்ததற்கு, "சாட்சியத்தைக் கலைக்கிறியா?" என்று அரை மைல் துரத்தினார்.

இழப்பீட்டு அலுவலகம் குளக்கரையில் இருந்தது. அங்கே எல்லாமே செல்வநாயகம் என்ற கொக்குதான். அவர் ஒற்றைக்காலில் நின்று மனுக்களை வாங்குவார். வரிசையில் நிற்பவர்களும் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஆனால் நின்றால் காரியம் சீக்கிரம் நடக்கும் என்று ஒரு பேச்சு இருந்ததால் எல்லோரும் நின்றார்கள். சாந்தமூர்த்தியும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் நின்றார். அவருக்குப் பின்னால் மட்டும் யாரும் நெருக்கியடிக்கவில்லை.

செல்வநாயகம் மனுவை மேலும் கீழும் பார்த்தார்.

"சேதத்துக்கு முந்தைய நிலையைக் காட்டுற போட்டோ எங்கே?"

"இடியப் போகுதுன்னு தெரியாதுங்களே சார்."

"தெரிஞ்சிருக்கணும். போட்டோ இல்லாம இதை எப்படி மேலே அனுப்பறது? முன்னாடியே இடிஞ்சுதான் கிடந்ததுன்னு யானைத் தரப்பு சொன்னா?"

சாந்தமூர்த்தி நேராக வக்கீலிடம் ஓடினார். ஏகாம்பரம் யோசித்தார், தலையாட்டினார்.

"ஒண்ணும் பிரச்சனை இல்லை சார். பழைய மாதிரியே ஒரு தடவை கட்டுங்க. போட்டோ எடுத்துடலாம்."

"அப்ப சேதம்?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். ஒரு நேரத்துல ஒரு இணைப்புதான் சார்."

பத்து நாள் வெறிபிடித்தவர்போல் தோண்டினார் சாந்தமூர்த்தி. கால் நகம் தேய்ந்தது, முதுகில் நாலு முள் முறிந்தது. அலுவலகம் குறை சொல்லக் கூடாது என்ற பயத்தில் சுவரைக் களிமண் பூசி இறுக்கினார், கூரைக்கு வேர்களைப் பின்னிக் கொடுத்தார். முன்பிருந்ததைவிட வளை பிரமாதமாக வந்துவிட்டது. கோமளம் வாசலில் நின்று பார்த்துக் கண் கலங்கினாள்.

"உள்ளே போலாமாங்க?"

"தொடாதே! அது முந்தைய நிலை," என்றார் சாந்தமூர்த்தி.

காட்டில் செல்போன் வைத்திருந்தது ஒரே ஒரு குரங்குதான். சுற்றுலா வந்தவர் ஒருவரிடமிருந்து வாங்கியது. கொடுத்த ஞாபகம் அவருக்கு இருக்காது. ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு அது பதினேழு படம் எடுத்துத் தந்தது. பதினாறில் குரங்கின் பல் மட்டுமே தெரிந்தது. பதினேழாவதில் பல்லுக்குப் பின்னால் வளையும் கொஞ்சம் தெரிந்தது.

செல்வநாயகம் அந்தப் படத்தை ஏற்றுக்கொண்டு, மறுநாளே நேரில் ஆய்வுக்கு வந்தார். வந்தவர் வளையைச் சுற்றி ஒரு முறை நடந்தார், உள்ளே கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"சேதம் எங்கே?"

"போன வாரம் வரைக்கும் இருந்ததுங்க சார். நானே பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டேன்."

"இருந்ததையெல்லாம் எழுத முடியாது. இருக்கிறதைத்தான் எழுத முடியும்," என்று சொல்லி, 'சேதம் இல்லை' என்று எழுதி, முத்திரை குத்தி, ஒரு பிரதியைக் கையிலும் கொடுத்துவிட்டுப் போனார். பதினைந்து நாளில் சேதத்தைக் காட்டினால் மறு ஆய்வு உண்டு என்று போகிறபோக்கில் சொன்னதுதான் ஒரே ஆறுதல்.

சாந்தமூர்த்தி குட்டியப்பனைத் தேடிப் போனார். குட்டியப்பன் ஒரு பாறை மேல் நாலு காலையும் ஒடுக்கி வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றிருந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"என்னண்ணே இது?"

"உன் நோட்டீஸ் வந்ததிலேர்ந்து இப்படித்தான் தம்பி. வழக்கு முடியற வரைக்கும் மண்ணுல காலே வைக்கக் கூடாதுன்னு என் வக்கீல் சொல்லிட்டாரு."

"யாருண்ணே உங்க வக்கீல்?"

"ஏகாம்பரம்தான். உனக்குத் தெரிஞ்சிருக்குமே, உன் மரத்துலதான் இருக்காரு."

சாந்தமூர்த்திக்குக் கோபம் வரவில்லை. இரண்டு தரப்புக்கும் ஒரே வக்கீல் என்றால் பேசி முடிப்பது சுலபம் என்று சந்தோஷம்தான் வந்தது. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்: அதே வளையில், அதே இடத்தில், அதே பின்னங்காலை அண்ணன் இன்னொரு தடவை வைக்க வேண்டும்.

"நல்லா இருக்கிற வீட்டையா? எனக்கு மனசு வரலை தம்பி," என்று குட்டியப்பன் தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏகாம்பரம் வந்து இருவருக்கும் நடுவில் தலையாட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தானது.

மறுநாள் காலை குட்டியப்பன் வந்து வளையின் மேல் காலை வைத்தார். வளை அசையவில்லை. அழுத்தினார். ஒரு பொட்டு மண்கூட உதிரவில்லை. வளை அவ்வளவு பலம், யானை அவ்வளவு இளைப்பு. சாந்தமூர்த்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"வயத்துக்கு ஏதாவது கிடைச்சா தேறிடுவேன்," என்றார் குட்டியப்பன் கூச்சத்தோடு.

பிறகு என்ன, பிரசவத்துக்கும் மழைக்காலத்துக்கும் என்று புதரடியில் புதிதாகச் சேர்த்து வைத்திருந்த கிழங்கெல்லாம் யானைக்குப் போனது. சாந்தமூர்த்தி விடிந்ததிலிருந்து சுமப்பார். கோமளம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் வயித்துல ஒண்ணு கிடக்கு. நீங்க அவர் வயித்தை ரொப்பிட்டிருக்கீங்க," என்றாள் ஒரு நாள்.

"எல்லாம் நமக்காகத்தான் கோமளம். கேஸ் மட்டும் ஜெயிக்கட்டும்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். வானம் தெற்கே கறுத்திருந்தது.

பதினைந்தாம் நாள் வந்தது. குட்டியப்பன் பழையபடி கொழுகொழுவென்று வந்து நின்றார். செல்வநாயகம் குடையோடு வந்தார். ஏகாம்பரம் கிளையில் தயாராக இருந்தார். முதல் தூறல் விழுந்தது. குட்டியப்பன் கண்ணை மூடிக்கொண்டு பின்னங்காலைத் தூக்கினார்.

"எங்கே, வைக்கச் சொல்லுங்க பார்ப்போம்!"

குரல் வளைக்குள்ளிருந்து வந்தது. வாசல் முழுக்க முள் விறைத்து நின்றது. முள்ளுக்குப் பின்னால் கோமளம். கோமளத்துக்குப் பின்னால் கீச்சுக்கீச்சென்று இரண்டு சத்தம். விடியற்காலையில் வலி எடுத்ததும் யாரையும் கேட்காமல் அவளே உள்ளே போய்ப் பெற்றெடுத்திருந்தாள்.

தூக்கிய காலைத் தூக்கியபடியே குட்டியப்பன் நாலடி பின்னால் போனார். "நான் வரலைப்பா இந்த வம்புக்கு," என்று ஓட்டமாக ஓடிவிட்டார்.

சாந்தமூர்த்தி வாசலில் எட்டிப் பார்த்தார். உள்ளே காய்ந்த தரை, வெதுவெதுப்பு, சுண்டுவிரல் அளவில் இரண்டு பிள்ளைகள். ஒரு கணம் அவருக்கு எல்லாம் மறந்தது. அடுத்த கணம் நினைவு வந்தது. மண்ணில் விழுந்து வாய்விட்டு அழுதார்.

"போச்சே! என் சேதம் போச்சே! எவ்வளவு கட்டிக் காத்தேன்!"

மேலே ஏகாம்பரத்தின் தலை ஆடுவது நின்றது. அவர் தொழிலுக்கு வந்த பிறகு அது நின்றது அப்போதுதான்.

"சார், இப்ப என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

"என் சேதம் போச்சு."

"உங்களுக்குன்னு ஒரு சேதம் இருந்தது. அது இப்ப இல்லை. அப்படின்னா நீங்க இழந்தது வீட்டை இல்லை சார், சேதத்தை! அதுக்கு மனு போடுவோம்."

கையோடு அங்கேயே மனு எழுதப்பட்டது. செல்வநாயகம் குடைக்கடியில் அதைப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் ஆவணம் எல்லாம் சரியாக இருந்த மனு அது ஒன்றுதான். சேதம் இருந்ததற்குக் குட்டியப்பனுக்குப் போன நோட்டீஸ் சாட்சி. இப்போது சேதம் இல்லை என்பதற்கு அவரே முத்திரை குத்திக் கொடுத்த சான்று. குறுக்கே கேட்க அவருக்கு ஒரு கேள்விகூடக் கிடைக்கவில்லை.

உத்தரவு நாலே நாளில் வந்தது. பணமாக வழங்க வழியில்லாததால், மனுதாரர் இழந்த சேதத்துக்கு ஈடாக மாற்றுச் சேதம் ஒன்று ஒதுக்கப்பட்டது. மேட்டுப்பக்கம் கீரி ஒன்று எப்போதோ கைவிட்டுப் போன வளை. கூரை கிடையாது, பக்கச் சுவர் பாதி. அதைப் பழுது பார்க்கக் கூடாது, மனுதாரர் நேரில் குடியிருக்க வேண்டும், நல்ல வீட்டில் இருப்பது தெரிந்தால் ஒதுக்கீடு ரத்து என்று மூன்று நிபந்தனை.

சாந்தமூர்த்தி அன்றே குடிபோனார். வாசலில் பெயர்ப்பலகை மாட்டினார். மழை மூன்று வாரம் விடாமல் கொட்டியது. அவர் தலைமேல் ஒரு தேக்கிலையைப் பிடித்துக்கொண்டு, முட்டளவு தண்ணீரில், உத்தரவு நனையாமல் நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். வழியில் போகிறவர்கள் எல்லோரும் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அலுவலகத்திடம் எதையாவது வாங்கிய ஒருவரை அந்தக் காடு அதுவரை பார்த்ததில்லை.

மழை கொஞ்சம் விட்ட ஒரு மாலையில் கோமளம் பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றாள். மூத்தது மேட்டைப் பார்த்தது.

"அம்மா, அப்பா ஏம்மா தண்ணியில உக்காந்திருக்காரு?"

"அப்பா கேஸ்ல ஜெயிச்சுட்டாருடா கண்ணு," என்றாள் கோமளம்.

நீதி: விடாமல் போராடினால் இழப்பீடு கட்டாயம் கிடைக்கும். மழை பெய்யும்போது மட்டும் வேறு எங்காவது ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.